புராஸ்டேட் புற்றுநோய் மருந்துச் சந்தை: விலை ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்

"உலகப் புராஸ்டேட் புற்றுநோய் மருந்துச் சந்தை இத்தனை ஆயிரம் கோடி டாலரைத் தொடும்" என்று ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸ்ஆப்பில் வந்து விழும். நாகர்கோவிலில் காலை நடை முடித்துச் சாயா குடிக்கும் கூட்டத்தில் அதை யாராவது வாசித்தால் உடனே இரண்டு கட்சி பிரியும். "மருந்து கண்டுபிடிச்சாச்சு, இனி பயமில்ல" என்பது ஒரு கட்சி. "எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம், மருந்துல ஒண்ணும் கெடையாது" என்பது மற்றது. இரண்டு பேரும் பார்ப்பது ஒரே எண்ணைத்தான். அது நோயாளிகளின் எண்ணிக்கையும் இல்லை, குணமானவர்களின் எண்ணிக்கையும் இல்லை. விற்ற மருந்தின் அளவை அதன் விலையால் பெருக்கினால் வருவது, அவ்வளவுதான். விலை மாறினால் எண் மாறும். விலையோ பெரும்பாலும் மருந்தின் வீரியத்தைப் பார்த்து ஏறுவதோ இறங்குவதோ இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்து ஏறி இறங்குகிறது? அது தெரிய வேண்டுமானால் இந்த மருந்துகள் உடம்பில் எங்கே போய் என்ன செய்கின்றன என்று முதலில் பார்த்துவிட வேண்டும். விலைக் கணக்கு அதன்பின் எளிது.

ஒரே சுரப்பி, மூன்று தொல்லைகள்

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. வயதாகும்போது அங்கே மூன்று விதமான தொல்லைகள் வரலாம்: கிருமித் தொற்று, சாதாரண வீக்கம், புற்று. நம்மூர்ப் பேச்சில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இரவில் நான்கு தடவை எழுந்து போவது, சொட்டுச் சொட்டாக வருவது, அடைத்துக்கொள்வது இவையெல்லாம் பெரும்பாலும் சாதாரண வீக்கத்தின் வேலை. அதற்கு டாம்சுலோசின், டுடாஸ்டிரைடு போன்ற மாத்திரைகள் உண்டு. அவற்றையும் "புராஸ்டேட் மாத்திரை" என்றுதான் சொல்கிறோம். ஆனால் புற்றுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது. வீக்கம் முற்றிப் புற்றாக மாறுவதில்லை. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்பது வேறு விஷயம்.

புற்று பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் தொடங்குவதால் ஆரம்பத்தில் சிறுநீரைத் தடுக்காது. சத்தமில்லாமல் வளர்ந்து எலும்புக்குப் போன பிறகு முதுகு வலி, இடுப்பு வலி என்று வெளியே தெரியும். குமரி மாவட்டத்தில் முதுகு வலி என்றால் கால்கள் தானாக வர்ம வைத்தியசாலைக்குத்தான் நடக்கும். வர்மத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அறுபது தாண்டிய ஆணுக்குப் புதிதாக வந்து, இரவில் கூடி, எண்ணெய் தேய்த்தும் அடங்காத முதுகு வலிக்குத் தடவலுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துவிடுவது நல்லது. புற்று அரித்த எலும்பு, அழுத்தித் தடவினால் முறியக்கூடியது.

அந்த ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் பி.எஸ்.ஏ. புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு கசிந்திருக்கிறது என்பதன் அளவு. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேலே போனால் வழக்கமாக மேற்கொண்டு பார்ப்பார்கள். கூடினாலே புற்று என்று அர்த்தமில்லை. தொற்றும் வீக்கமும் அதைக் கூட்டும், சிறுநீர்க் குழாயில் டியூப் போட்டாலும் கூடும். எதிர்த்திசையில் ஒரு பொறியும் இருக்கிறது. வீக்கத்துக்கு டுடாஸ்டிரைடு மாதக்கணக்கில் சாப்பிடுபவருக்கு பி.எஸ்.ஏ. பாதியாக இறங்கிவிடும். அறிக்கையில் 3 என்று வந்தால் டாக்டர் அதை 6 என்று கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்லுங்கள். உறுதி செய்வது பயாப்சிதான், அதாவது ஊசியால் சதைத்துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அந்தத் துணுக்குக்குத் தரும் மூர்க்க மதிப்பெண்தான் கிளீசன் எண். 6 என்றால் சாது, 10 என்றால் மகா மூர்க்கம்.

சாதுவான புற்றுக்குப் பல வேளைகளில் மருந்தே தேவைப்படாது. குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்துக் கண்காணித்தால் போதும். சுரப்பிக்குள் அடங்கியிருக்கும் புற்றுக்கு முதன்மைச் சிகிச்சை அறுவையோ கதிர்வீச்சோதான். வாட்ஸ்ஆப் செய்தியில் வரும் மருந்துச் சந்தை பெரும்பாலும் பரவிய அல்லது பரவும் அபாயம் கூடிய நோயைச் சுற்றியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வீக்க மருந்து வேறு, புற்று மருந்து வேறு. பி.எஸ்.ஏ. சந்தேகத்தைக் கிளப்பும், பயாப்சி உறுதி செய்யும். எல்லாப் புற்றுக்கும் மருந்து வேண்டியதில்லை.

பேச்சிப்பாறைத் தண்ணீர் கணக்கு

புராஸ்டேட் புற்றுச் செல்கள் வளர டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். அது ஆண் ஹார்மோன். ஹார்மோன் என்றால் ஓரிடத்தில் சுரந்து ரத்தம் வழியாகப் போய் வேறொரு இடத்தில் வேலை பார்க்கும் ரசாயனத் தூது. 1941-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தினால் பரவிய புராஸ்டேட் புற்றும் சுருங்குகிறது என்று காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று விற்கும் பெரும்பாலான மருந்துகள் அந்த ஒரே கருத்தின் வாரிசுகள்.

பேச்சிப்பாறை அணையை நினைத்துக்கொள்ளுங்கள். அணையின் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் கால்வாயில் ஓடி, கிளைக்கால் பிரிந்து, கடைசியில் வயலின் மடை வழியாக உள்ளே பாயும். வயலில் களை மண்டிவிட்டது, தண்ணீரை நிறுத்திக் களையைக் காய விட வேண்டும். எங்கெங்கே நிறுத்தலாம்?

முதல் இடம் அணை. டெஸ்டோஸ்டிரோனில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் விரைகளில்தான் சுரக்கிறது. விரைகளை அறுவையால் எடுத்துவிட்டால் அணையே இல்லை. ஒரே நாளில் முடிகிற சின்ன அறுவை, ஒரே தடவைச் செலவு, பிறகு மாதா மாதம் ஊசிக்கு அலைய வேண்டாம். இருந்தும் பலர் மனசு ஒப்ப மாட்டார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்த அறுவைக்கு விளம்பரம் செய்யக் கம்பெனி எதுவும் கிடையாது. எந்தச் சந்தை அறிக்கையிலும் இது வராது. ஊசி செய்யும் அதே வேலையை இது செய்கிறது.

ஊசிகள் அணையை இடிப்பதில்லை, ஷட்டர்காரனை முடக்குகின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் விரைகளுக்கு "சுரந்துகொள்" என்று உத்தரவு போடுகிறது. லூப்ரோலைடு, கோசெரலின் ஊசிகள் அந்தப் பிட்யூட்டரியை ஓயாமல் தூண்டுகின்றன. ஷட்டர்காரனிடம் "திற, திற" என்று இரவு பகலாகக் கத்தினால், முதல் சில நாள் கூடுதலாகத் திறப்பான், பிறகு காது மரத்துப்போய் எதையும் கேட்க மாட்டான். அந்த முதல் சில நாள் வெள்ளம் ஆபத்தானது. முதுகெலும்பில் புற்று இருப்பவருக்கு அந்த நேரத்தில் நரம்பு அழுந்தக்கூடும். அதனால்தான் ஊசி தொடங்கும்போது பைகாலுட்டமைடு மாத்திரையைக் கூடவே தருகிறார்கள். டெகாரலிக்ஸ் ஊசியும் 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரெலுகோலிக்ஸ் மாத்திரையும் நேராகப் பிட்யூட்டரியின் வாயைப் பொத்தும் ரகம். அவற்றில் வெள்ளமே வராது.

அணையை மூடிவிட்டோம். களை வாடுகிறது, பி.எஸ்.ஏ. சரசரவென்று இறங்குகிறது. பல மாதமோ சில வருடமோ கழித்து மறுபடி ஏறத் தொடங்கும். அணை மூடிக் கிடந்தும் களை தழைக்கிறதே, எப்படி? வேறு ஊற்று இருக்கிறது. சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் கொஞ்சம் ஊறுகிறது. போதாததற்குப் புற்றுச் செல்களே சொந்தமாகக் கிணறு தோண்டிக்கொள்கின்றன, தமக்கு வேண்டிய ஹார்மோனைத் தாமே சமைக்கின்றன. அணையை மூடியும் அடங்காத இந்தக் கட்டத்தை "ஹார்மோன் தடைக்கு மசியாத நிலை" என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே வருவதுதான் அபிராடிரோன். ஹார்மோன் சமைக்கத் தேவையான ஒரு நொதியை அது முடக்குகிறது. அணை, ஊற்று, கள்ளக் கிணறு மூன்றையும் ஒரேயடியாக வற்றடிக்கும். அட்ரினலின் மற்ற வேலைகளும் இதில் கொஞ்சம் குலைவதால் பிரெட்னிசோலோன் மாத்திரையைச் சேர்த்தே சாப்பிட வேண்டும். அதை "சும்மா துணை மாத்திரை" என்று நிறுத்திவிட்டு, ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு.

என்சலுட்டமைடு, அபலுட்டமைடு, டாரலுட்டமைடு மூன்றும் வேறு வழியில் வருகின்றன. தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் வரட்டும், வயலின் மடையை அடைத்துவிடுவோம் என்பது இவற்றின் கணக்கு. அந்த மடைக்குப் பெயர் ஏற்பி. ஹார்மோன் வந்து உட்கார்ந்தால் மட்டும் செல்லுக்கு "வளர்" என்று சொல்லும் புரதம் அது. இந்த மாத்திரைகள் முன்கூட்டியே போய் அதில் உட்கார்ந்துகொள்கின்றன.

டோசிடாக்செல் போன்ற கீமோ ஊசி தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாது. பிரிந்து பெருகும் செல்லை நேரடியாக அடிக்கும். இந்த நோய்க்கு 2004-இல் ஒப்புதல் பெற்ற பழைய மருந்து. நோய் அதிகம் பரவியவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஹார்மோன் தடையோடு ஆறு சுற்று கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்று இதை நிறையக் கம்பெனிகள் தயாரிப்பதால் மலிவு.

சுருக்கம்: அணையை மூடுவது, ஊற்றை வற்றடிப்பது, மடையை அடைப்பது என்ற மூன்று வேலைக்குத்தான் பெரும்பாலான மருந்துகள். பெயர் புதிதாகக் கேட்டால் "இது மூன்றில் எது?" என்று கேளுங்கள், பாதி குழப்பம் போய்விடும்.

சந்தை ஏன் இவ்வளவு பெரிது

2022-க்கான உலகக் கணக்கின்படி ஆண்டுக்குச் சுமார் 14.7 லட்சம் பேருக்குப் புதிதாக இந்தப் புற்று கண்டுபிடிக்கப்படுகிறது. இந்தியாவில் சுமார் 38,000. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, உலக எண்ணிக்கை 2020-க்கும் 2040-க்கும் இடையில் இரட்டிப்பாகி ஏறக்குறைய 29 லட்சமாகும் என்கிறது. ஆயுள் கூடுவதே முதல் காரணம். ஆனால் சந்தை வீங்குவதற்கு ஆள் எண்ணிக்கையை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: மருந்து சாப்பிடும் காலம்.

அபிராடிரோன் 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, கீமோவும் பலிக்காத கடைசிக் கட்டத்துக்கு மட்டும்தான். சில மாதங்களுக்கான மருந்து. 2017-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. நோய் பரவியோ முற்றியோ இருக்கும்போதே, முதல் ஹார்மோன் ஊசியோடு சேர்த்தே இதைத் தொடங்கினால் இறப்பு அபாயம் சுமார் 37, 38 சதவீதம் குறைகிறது என்று அவை காட்டின. உடனே மருந்து கடைசி வரிசையிலிருந்து முன் வரிசைக்கு வந்தது. மாதக்கணக்கு வருடக்கணக்கானது. மடையை அடைக்கும் மருந்துகளும் அதே வழியில் முன்னால் நகர்ந்தன. நோயாளி நீண்ட நாள் வாழ்கிறார், அத்தனை நாளும் மாத்திரை வாங்குகிறார். நல்ல சேதியும் வியாபாரச் சேதியும் இங்கே ஒரே சேதிதான். சாயாக்கடையின் இரண்டு கட்சியும் பாதி சரி என்று நான் சொல்வது இதனால்தான்.

விலை எங்கே உருவாகிறது

புது மருந்தைக் கண்டுபிடித்தவருக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, வேறு யாரும் அதைச் செய்து விற்கக்கூடாது என்று அரசு தரும் உரிமைதான் காப்புரிமை. அது உள்ளவரை ஒரே விற்பனையாளர், அவர் சொல்வதுதான் விலை. அது முடிந்ததும் மற்றவர்கள் அதே மூலக்கூறைச் செய்து விற்கலாம். அதற்குப் பெயர் ஜெனரிக்.

அபிராடிரோன் லண்டனின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990-களின் தொடக்கத்தில் உருவானது. ஜான்சன் அண்ட் ஜான்சன் அதை ஸைடிகா என்ற பெயரில் விற்றது. 2018-இல் அதன் உலக விற்பனை சுமார் 350 கோடி டாலர். அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் ஜெனரிக் வந்தது. 2023-இல் ஸைடிகா விற்பனை 100 கோடி டாலருக்கும் கீழே போய்விட்டது. இந்த ஐந்தாண்டில் மருந்தின் மூலக்கூறில் ஒரு அணுகூட மாறவில்லை. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அதை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. மருந்தின் மதிப்பு ஏறிய அதே காலத்தில் டாலர் சந்தையில் அது சரிந்தது. சந்தை அறிக்கையை மட்டும் பார்ப்பவர் இதைத் "தோற்ற மருந்து" என்று நினைத்துவிடுவார்.

இந்தியாவில் கதை இன்னும் முன்னதாகவே தொடங்கியது. 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துக்கே கிடையாது. 2005-இல்தான் மருந்துக்கும் காப்புரிமை வந்தது. அதற்குள் பழையதாகிவிட்ட மூலக்கூறு என்பதால் அபிராடிரோனை இந்தியக் கம்பெனிகள் சீக்கிரமே செய்யத் தொடங்கின. என்சலுட்டமைடைக் கண்டுபிடித்தது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அதன் காப்புரிமை விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2016 நவம்பரில் நிராகரித்தது. பல்கலைக்கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடக்க நடக்கவே இங்கே இந்தியத் தயாரிப்புகள் கடைக்கு வந்துவிட்டன.

பெட்டியில் அச்சிட்ட விலை வேறு, கடைக்காரர் வாங்கிய விலை வேறு என்பது இரண்டாம் பாடம். புற்றுநோய் மருந்துகளில் இந்த இடைவெளி மிகப் பெரிதாக இருந்ததால்தான் 2019-இல் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபத்தை 30 சதவீதத்துக்குள் கட்டியது. அதன் பிறகும் ஒரே மூலக்கூறு கம்பெனிக்குக் கம்பெனி, கடைக்குக் கடை நிறைய வித்தியாசத்தில் விற்கிறது.

நாகர்கோவிலில் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் நான் பார்த்தது இது. குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர், ரப்பர் தோட்டக்காரர். அபிராடிரோன் 250 மில்லிகிராம், 120 மாத்திரை கொண்ட டப்பா, ஒரு மாதக் கணக்கு. கடைப் பையன் வழக்கமான டப்பாவுக்குப் பதில் வேறொன்றை எடுத்து வைத்தான். பெரியவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி விலையைப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"இது வேறயாட்டு இருக்கே மக்கா?"

"அதே மருந்துதான் அண்ணாச்சி. கம்பெனி மட்டும் வேற."

"வெல பாதியா இருக்கு. வீரியமும் பாதியா இருக்குமோ?"

பையன் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொட்டை எழுத்துப் பெயரை விரலால் மறைத்து, கீழே சின்ன எழுத்தில் இருந்த மூலக்கூறுப் பெயரைக் காட்டினான். இரண்டிலும் ஒன்றே. பெரியவர் கடைசியில் விலை கூடியதையே வாங்கிப் போனார். "உயிர் காரியம் பாரு" என்றார்.

அவர் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது தவறான இடத்தில் விழுகிறது. 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த போலிப் புற்றுநோய் மருந்துக் கும்பல், பெயர்பெற்ற கம்பெனிகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்து அதில் வேறு எதையோ நிரப்பி விற்றது. போலி செய்கிறவனுக்கும் லாபம் விலை கூடியதில்தானே. பாதுகாப்பு விலையில் இல்லை. உரிமம் உள்ள கடை, பேட்ச் எண் குறித்த பில், உடையாத சீல், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் பி.எஸ்.ஏ. இவைதான் காவல். கம்பெனி மாற்றியதும் பி.எஸ்.ஏ. பழையபடி அடங்கியே இருந்தால் மருந்து வேலை செய்கிறது.

சுருக்கம்: காப்புரிமை விலையை ஏற்றுகிறது, போட்டி இறக்குகிறது. விலை இறங்கியதால் மருந்து பலவீனமாகிவிடாது.

வெறும் வயிறு என்ற விஷயம்

சின்ன விஷயம்தான், ஆனால் சந்தை எப்படி யோசிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அபிராடிரோனை வெறும் வயிற்றில் நான்கு மாத்திரையாக விழுங்கச் சொல்கிறார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழிந்திருக்க வேண்டும், விழுங்கிய பின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. காரணம், உணவோடு போனால், குறிப்பாகக் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு போனால், ரத்தத்தில் சேரும் மருந்து பத்து மடங்கு வரை எகிறும். வெறும் வயிற்றில் விழுங்கும்போது பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியே போகிறது என்றும் இதைச் சொல்லலாம்.

அப்படியானால் ஒரே ஒரு மாத்திரையைக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு சாப்பிட்டால் என்ன? 2018-இல் வெளியான ஓர் ஆய்வு 72 பேரிடம் அதைப் பார்த்தது. உணவோடு 250 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் வெறும் வயிற்றில் 1000 எடுத்தவர்களுக்கும் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய ஒரேபோல் இறங்கியது. செலவு நான்கில் ஒரு பங்கு. இப்படி ஓர் ஆய்வுக்கு எந்தக் கம்பெனி ஆர்வமாகப் பணம் போடும்? ஆய்வு சிறியது, ஆயுளை அளக்கவில்லை. இருந்தாலும் செலவு தாங்காதவர்களுக்கு இது ஒரு மாற்று என்று மருத்துவ வழிகாட்டுதல்களில் இடம் பெற்றுவிட்டது. வீட்டில் தானாகச் செய்து பார்க்கும் காரியம் இல்லை இது. நம்மூர்க் காலை உணவு ஒரு நாள் இட்லி, மறுநாள் தேங்காய்ப்பால் ஆப்பம். கொழுப்பு ஏறி இறங்கினால் மருந்தும் ஏறி இறங்கும். டாக்டரிடம் கேளுங்கள், அவர் சம்மதித்தால் மட்டும்.

புது வரவுகள்

இப்போது அதிகம் பேசப்படுவது லுட்டீசியம் சிகிச்சை. புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் ஏராளமாக இருக்கும். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூறில் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க அணுவைக் கட்டி ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். அது ஒட்டிய இடத்தில் மட்டும், இரண்டு மில்லிமீட்டருக்குள், கதிர் பாய்ச்சும். ஆறே முக்கால் நாளுக்குள் வீரியம் பாதியாகும். தருவதற்கு முன் அதே புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்து, ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேனில் ஒளிராதவருக்கு இதனால் பயனில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கொஞ்சம் போய் உட்காருவதால் வாய் உலரும்.

மற்ற மருந்துகள் ஓய்ந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் தாண்டிய காலம், 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாகக் கூடியது. நான்கு மாதம். "கேன்சரைக் கரைக்கும் அணு ஊசி" என்று யூடியூபில் வருவது இதைத்தான். வலி குறைந்து நாட்கள் கூடுவது பெரிய விஷயம், ஆனால் பரவிய நோயை இது வேரறுப்பதில்லை. 2022-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தபோது நோவார்ட்டிஸ் ஒரு டோசுக்கு வைத்த பட்டியல் விலை சுமார் 42,500 டாலர். ஆறு டோஸ் வரை வேண்டும். இந்தியாவில் டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் லுட்டீசியம்-177 தயாராகிறது. டெல்லி எய்ம்ஸ் அமெரிக்க ஒப்புதலுக்குப் பல ஆண்டு முன்பே இந்தச் சிகிச்சையைக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டுவிட்டது. சந்தை அறிக்கைகளில் 2022-இல் "பிறந்த" சிகிச்சை, இங்கே அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

அடுத்த கட்டமாக ஆல்ஃபா கதிர் வீசும் அணுக்களை இதேபோல் கட்டிப் பார்க்கிறார்கள். இன்னும் குறுகிய தூரத்தில், இன்னும் பலமாக அடிப்பவை. ஆக்டினியம்-225, ஈயம்-212 இரண்டும் ஆய்வில் இருக்கின்றன. ஈயம்-212 தோரியம் சிதையும் வரிசையில் பிறப்பது. மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் அதே தோரியம். நம் கடற்கரை மணலைக் கேன்சரோடு சேர்த்துப் பேசாத நாளில்லை, இப்படியும் ஒரு சம்பந்தம் உண்டு என்பது வேடிக்கை. கேட்பவர்களுக்காக: இதேபோல் மணல் கதிர் மிகுந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கைக் கதிரால் புற்று கூடியதாகக் காட்டவில்லை.

பார்ப் தடுப்பான்கள் இன்னொரு வகை. ஓலாபரிப் 2020-இல் இந்த நோய்க்கு வந்தது. செல்லின் மரபணுப் பழுதை ஒட்டுப் போடும் ஏற்பாடு ஏற்கனவே கெட்டுப்போன புற்றுகளில், மிச்சமிருக்கும் ஒரு வழியையும் அடைத்துச் செல்லைச் சாகடிப்பது. பிராக்கா என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு நன்றாகப் பலிக்கும். முற்றிய நோயாளிகளில் அவர்கள் பத்தில் ஒருவர் அளவில்தான். மற்றவர்களுக்குப் பலன் குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை.

ஒரு தோல்விக் கதையும் தெரிந்திருக்கட்டும். 2010-இல் சிபுலூசெல்-டி என்ற சிகிச்சை வந்தது. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை எடுத்துப் பழக்கித் திருப்பி ஏற்றுவது. ஆயுளைச் சுமார் நான்கு மாதம் கூட்டியது, விலை 93,000 டாலர். அதை விற்ற டென்ட்ரியான் 2014-இல் திவால் மனு கொடுத்தது. தயாரிப்புச் செலவும் சிக்கலும் ஒரு பக்கம், 2011-இலேயே மாத்திரையாக வந்துவிட்ட அபிராடிரோன் மறு பக்கம். பலனுள்ள சிகிச்சையும் சந்தையில் விழும்.

குமரிக்காரர் எங்கே போவது, என்ன கேட்பது

நம் மாவட்டத்துக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நெய்யூரில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எவரெஸ்ட் ஏற முயன்ற டாக்டர் சோமர்வெல் இருந்து வைத்தியம் பார்த்த ஊர் அது. களியக்காவிளை தாண்டிப் பஸ் பிடித்தால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். குமரிக்காரர்கள் நிறையப் பேர் அங்கேதான் போகிறார்கள். எல்லை தாண்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டு அரசுடையது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு. நீங்கள் போகும் மருத்துவமனை திட்டப் பட்டியலில் இருக்கிறதா, உங்களுக்கு எழுதிய மருந்து எந்தத் தொகுப்பில் வருகிறது என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். பாதியில் கேட்டால் பாதிப் பணம் போயிருக்கும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, "டாக்டர், இந்த மருந்து என் கட்டத்துக்கு ஆய்வில் பார்த்ததா?" என்பதுதான். பரவாத நோய், பரவி ஹார்மோனுக்கு மசியும் நோய், மசியாத நோய் என்று கட்டம் மாறும்போது சரியான மருந்தும் மாறும். பக்கத்து வீட்டு மாமாவுக்குப் பலித்த மாத்திரை உங்களுக்குப் பலிக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான். அடுத்து, மருந்தை மூலக்கூறுப் பெயரில் எழுதித் தரச் சொல்லலாம், இரண்டு மூன்று கடையில் விலை விசாரிக்கலாம். ஹார்மோன் தடையிலிருக்கும் எல்லாருக்கும் எலும்பு மெலியும், சர்க்கரையும் எடையும் கூடும். விலையுயர்ந்த புது மருந்தைப் பற்றி விசாரிக்கும் குடும்பம் கால்சியம் மாத்திரையையும் தினசரி நடையையும் விட்டுவிடுவதைப் பார்க்கிறேன்.

கடைசியாக, பயாப்சி செய்தபோது எடுத்த சதைத்துணுக்கை மெழுகில் பதித்து ஒரு சிறு கட்டியாக வைத்திருப்பார்கள். பாரஃபின் பிளாக் என்பார்கள். சில வருடம் கழித்துப் பிராக்கா சோதனை தேவைப்பட்டால் புதிதாக ஊசி குத்தாமல் இதிலிருந்தே பார்க்க முடியும். லேப்களும் ஆஸ்பத்திரிகளும் காலவரையின்றி வைத்திருப்பதில்லை. சிகிச்சைக்கு வேறு ஊர் போகிறீர்கள் என்றால் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் தேவையில்லை, வெயில் படாத அலமாரி போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.